கிளினிக் வரிசையில் மூன்று பேர்

கொஞ்சம் நீளமான பதிவு. லீவு நாளில் ஆறுதலாக வாசியுங்கள்.

போன மாதம் மாமாவை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உம்மாவின் மூத்த நானா. வயது 66. சீனி, பிரஷர், அதோடு வலது முழங்காலில் ஒரு பழைய அடி. சுபஹ் தொழுதுவிட்டு முதல் பஸ்ஸில் போனால்தான் ளுஹருக்கு முன்னர் மருந்தை எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம். அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குப் போய்வருகிற எல்லோருக்கும் அந்தக் காலை தெரியும். நம்பர் துண்டு, ஓரம் கிழிந்த கிளினிக் கொப்பி, கால் ஆடும் வாங்கு, "அடுத்தது யாரு?" என்ற சத்தம்.

எட்டரை மணி இருக்கும். காக்கிச் சீருடை போட்ட இரண்டு சிறைச்சாலை உத்தியோகத்தர்கள் ஒரு வயதான மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளை ஜம்பர். கையில் விலங்கு, அதன் மறுமுனை இளைய உத்தியோகத்தரின் கையில். மனிதர் காலை இழுத்து இழுத்துத்தான் நடந்தார். எப்படியும் எழுபதைத் தாண்டியிருக்கும்.

வாங்கில் இருந்தவர்கள் ஒதுங்கினார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் ஒதுங்கினேன். மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எதற்கு? சரியாக நடக்கவே முடியாத, கையில் விலங்கு போட்ட ஒரு மனிதர் என் பையைப் பறித்துக்கொண்டு ஓடுவாரா?

மூத்த உத்தியோகத்தர் கதவடியில் நின்ற மிஸ்ஸிடம் ஏதோ சொன்னார். அவர்களை முதலில் விடப்போகிறார்கள் என்பது எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெண்மணிக்குக் கோபம் வந்தது. "நாங்க விடிய நாலு மணிக்கு வந்து நிக்கிறோம். கொலைகாரனுக்கு முதலிடமா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. நானும் வாய் திறக்கவில்லை. ஆனால் மனதுக்குள் "நியாயம்தானே" என்று சொல்லிக்கொண்டேன்.

மாமா மட்டும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி அவர்களிடம் போனார். அந்த மனிதர் நிமிர்ந்து பார்த்தார். உடனே அடையாளம் பிடிபடவில்லை. பிறகு முகம் மலர்ந்தது. "சேர்! சேர்ட தென் ககுல ஹொந்தத?" என்றார். கால் இப்போது சுகமா என்று கேட்கிறார்.

"உங்களை விட நல்லா நடக்கிறேன்" என்று மாமா சிங்களத்தில் சொன்னார். இரண்டு பேரும் சிரித்தார்கள். விலங்கின் மறுமுனையில் இருந்த பொடியன் சிரிக்கவில்லை. அவன் நின்றபடியே தூங்கிக்கொண்டிருந்தான்.

என் மாமா முப்பத்தொரு வருடம் ஜெயில் காட். பல ஊர்களில் வேலை செய்தவர். எங்கள் ஊரில் அவரை "ஜெயில் நானா" என்பார்கள். அதில் கொஞ்சம் மரியாதையும் இருக்கும், கொஞ்சம் கேலியும் இருக்கும். அவருக்குக் கல்யாணம் பேசியபோது, "கைதிகளோட கிடக்கிறவருக்கு எப்படிப் பொண்ணு குடுக்கிற?" என்று இரண்டு இடத்தில் மறுத்ததாக உம்மா சொல்வா.

சின்ன வயதில் கண்டிக்குப் போனால் மார்க்கட்டுக்குப் பக்கத்தில் போகம்பரைச் சிறையின் அந்த நீண்ட மதில் தெரியும். 1876இல் வெள்ளைக்காரன் கட்டியது. நாங்கள் குழப்படி செய்தால், "மாமாட்ட சொல்லி உள்ளுக்குப் போட்டுடுவேன்" என்று உம்மா அதைக் காட்டிப் பயமுறுத்துவா. 2013 முடிவோடு அந்தச் சிறையை மூடிக் கைதிகளைப் பல்லேகலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அந்த மதிலைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே இருந்த கைதிகளைப் பற்றி யோசித்திருக்கிறேன். அப்படிப்பட்ட மதில்களுக்குள் சம்பளத்துக்குப் போய் வாழ்நாளில் பாதியைக் கழித்தவர்களைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை. என் சொந்த மாமா அவர்களில் ஒருவராக இருந்தும்.

மாமாவின் மகன் என் வகுப்பில்தான் படித்தான். வருடத் தொடக்கத்தில் இடாப்பு எழுதும்போது "வாப்பா என்ன வேலை?" என்று சேர் கேட்பார். "அரசாங்க வேலை" என்று மட்டும் சொல்வான். நான் பக்கத்தில் இருந்து சிரிப்பேன். இன்று நானும் அதே கேள்வியைக் கேட்டு இடாப்பு எழுதுகிற ஆசிரியர். கல்வியியற் கல்லூரியில் பிள்ளை உளவியல் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன். ஆனாலும் "அரசாங்க வேலை" என்ற பதிலுக்குப் பின்னால் என்ன இருந்தது என்று அவனிடம் இதுவரை கேட்டதில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமாவிடம் கேட்டேன். "அந்த லேடி கேட்டது நியாயம்தானே மாமா? அவங்கள ஏன் முதல்ல விடணும்?"

மாமா ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"அந்தப் பொடியன்ட கண்ணப் பாத்தியா மகன்? நைட் டியூட்டி முடிச்சிட்டு வந்திருக்கான். ஆள் இல்லன்னு எஸ்கோட்டுக்குப் போட்டிருப்பாங்க. ஒரு கைதிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ரெண்டு பேர் வேணும். அந்த ரெண்டு பேரையும் எங்க இருந்து எடுக்கிற? வார்டுல இருந்துதான். அப்ப வார்டுல நிக்கிறவன் தனிய. அத்தனை பேருக்கு நடுவுல தனிய நிக்கிறவனுக்குப் பயம் வரும். பயந்தவன் கத்துவான், கை நீட்டுவான். அந்த அடி யாருக்கு விழும்? சொன்னவுடன எழும்ப ஏலாதவனுக்குத்தான்."

இந்த ஒரு பதிலுக்காகத்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். கைதிகளின் உரிமை என்று ஒரு பக்கமும், உத்தியோகத்தர்களின் கஷ்டம் என்று இன்னொரு பக்கமும் நாங்கள் பிரித்துப் பேசுகிறோம். ஒன்றைப் பேசினால் மற்றவருக்கு எதிரி போலவும் ஆகிவிடுகிறோம். மாமா சொன்ன கணக்கில் இரண்டும் ஒன்றுதான். உத்தியோகத்தருக்குச் செய்யும் அநியாயம் கடைசியில் வயதான கைதியின் முதுகில் போய் இறங்குகிறது. வயதான கைதியைக் கவனிக்காமல் விட்டால் அந்தச் சுமை உத்தியோகத்தரின் தலையில் ஏறுகிறது.

இன்னொன்றும் சொன்னார். காலையும் மாலையும் கைதிகளைக் கணக்கெடுக்கும்போது வரிசை வரிசையாகக் குந்தி இருக்கச் சொல்வார்களாம். வயதானவர்களால் குந்த முடியாது. குந்தினாலும் எழும்ப முடியாது. மாமா நான்கைந்து கிழவர்களை மதிலோடு சாய்ந்து நிற்கவிட்டுக் கணக்கெடுத்திருக்கிறார். அதற்கு மேலதிகாரி ஒருவரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார். "சட்டப்படி பாத்தா அவர் சொன்னது சரி. எல்லாருக்கும் ஒரே சட்டம். ஆனா எல்லாருக்கும் ஒரே முழங்கால் இல்லையே" என்றார்.

மாமாவின் முழங்கால் எப்படிப் போனது என்பதும் அன்றுதான் முழுதாகத் தெரிய வந்தது. ஒரு சண்டையை விலக்கப் போய் விழுந்தவரை மற்றவர்கள் மிதித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். சுவரோரமாக இழுத்துப் போட்டது நாங்கள் கிளினிக்கில் கண்ட அதே மனிதர். மாமாவுக்கு மூன்று கிழமை லீவு கிடைத்ததாம். வந்த பிறகு மாடிப்படி ஏறி இறங்கும் டியூட்டி.

எங்கள் சிறைகளில் இடவசதியை விட இருமடங்குக்கும் மேல் ஆட்கள் இருக்கிறார்கள். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு பல சிறைகளுக்கு நேரில் போய்ச் செய்த ஆய்வை 2020இல் வெளியிட்டது. அதில் கைதிகளின் நிலை மட்டுமல்ல, உத்தியோகத்தர்களின் நிலையும் பதிவாகியிருக்கிறது. உள்ளே இருப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்னும் தீர்ப்பே வராத விளக்கமறியல் ஆட்கள். தண்டனை பெற்று உள்ளே போகிறவர்களிலும் பெரிய பங்கு, அபராதம் கட்டக் காசில்லாமல் போகிறவர்கள். எனக்கு நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பே தலைசுற்றும். அதே அறையில் எண்பது பேரைப் போட்டு, பக்கத்து வகுப்பு ஆசிரியரையும் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டு, "கட்டுப்பாடாக வைத்திரு" என்று சொன்னால் நான் எப்படிப்பட்ட ஆசிரியராக இருப்பேன்? யோசித்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

சிறைக்குள் வயதானவர்கள் இருப்பதற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. இந்த நாட்டில் 1976க்குப் பிறகு யாரையும் தூக்கில் போடவில்லை. நல்லது. ஆனால் நீதிமன்றங்கள் மரண தண்டனை விதிப்பது நிற்கவில்லை. அந்தத் தீர்ப்பு கிடைத்தவர் தூக்குக்கும் போவதில்லை, வீட்டுக்கும் போவதில்லை. பலருக்கு அது பிறகு ஆயுள் தண்டனையாக மாறுகிறது. நாற்பது வயதில் உள்ளே போனவர் அங்கேயே எழுபதாகிறார். உம்மா வாப்பா மௌத்தாகிறார்கள். பிள்ளைகளின் வருகை குறைந்து குறைந்து நின்றுபோகிறது. நாங்கள் கண்ட மனிதரைப் பார்க்கக் கடைசியாக யார் வந்தார்கள் என்று மாமா கேட்டாராம். "சேர் இருந்த காலத்துல வந்த தங்கச்சிதான்" என்றாராம்.

இதே நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் இருக்கிறது. 60 வயதானால் ஒருவர் முதியவர். பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை தருகிறார்கள். அன்று அந்த அட்டையைக் காட்டித்தான் மாமாவுக்கு நான் முன்னால் நம்பர் எடுத்தேன். அரச ஊழியருக்கும் 60இல் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த வயதில் உடம்பு தளரும் என்பது அரசாங்கத்துக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். சிறைக் கதவைத் தாண்டியதும் அது மறந்துபோகிறது. சிறைகளுக்கான அடிப்படைச் சட்டம் இன்றும் 1877ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம்தான். இடையில் திருத்தங்கள் வந்தாலும், அது பிறந்தது போகம்பரையைக் கட்டி முடித்த அடுத்த வருடம்.

உலகம் இதைப் பற்றிப் பேசாமல் இல்லை. 2015இல் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஏற்றுக்கொண்ட விதிகளுக்கு, 27 வருடம் சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் பெயரை வைத்திருக்கிறார்கள். 24ஆவது விதி, வெளியில் உள்ளவருக்குக் கிடைக்கும் அதே தரத்தில் கைதிக்கும் வைத்தியம் கிடைக்க வேண்டும் என்கிறது. 74ஆவது விதி, சிறை ஊழியரின் வேலை கடினமானது, அதற்கேற்ற சம்பளமும் வசதியும் அவருக்கு வேண்டும் என்கிறது. கைதிக்கும் காவலருக்கும் ஒரே ஆவணத்தில் இடம் இருக்கிறது. எங்கள் சிறைச்சாலைச் சுவரிலும் "கைதிகளும் மனிதர்களே" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாமா சொன்னார்: "அது சரியான பேச்சு. முப்பத்தொரு வருசமும் அதை வாசிச்சிட்டுத்தான் உள்ளுக்குப் போனேன். காட்மாரும் மனுசர்தான்னு ஒரு இடத்திலயும் எழுதலயே மகன்."

இப்போது சிலர் கேட்பீர்கள். நானும் மாமாவிடம் கேட்டேன். கொலை செய்யப்பட்டவரின் குடும்பத்துக்கு என்ன பதில்? அவர்களின் பிள்ளை முதுமையைப் பார்க்கவே இல்லையே? இது சரியான கேள்வி. அந்த உம்மாவின் முன்னால் நின்று "பாவம், வயதாகிவிட்டது, விட்டுவிடுங்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் வயதானவர்கள் எல்லோரையும் திறந்து விடுங்கள் என்று நான் எழுதவில்லை. தண்டனை என்பது சுதந்திரத்தைப் பறிப்பது. மலசலகூடத்துக்குப் போக முடியாமல் இரவு முழுதும் அடக்கிக்கொண்டு கிடப்பது எந்த நீதவானும் எழுதிய தீர்ப்பில் இல்லை. நின்றுகொண்டே தூங்கும் அந்தப் பொடியனுக்கோ தீர்ப்பே கிடையாது.

காட்மார் எல்லோரும் என் மாமா போல என்றும் சொல்லமாட்டேன். உள்ளே போனும் போதைப்பொருளும் எப்படிப் போகின்றன என்று ஊரே கேட்கிறது. 2012 நவம்பரில் வெலிக்கடையில் 27 கைதிகள் உயிரிழந்தார்கள். அந்த வழக்கில் முன்னாள் சிறை அதிகாரி ஒருவருக்கு 2022இல் கொழும்பு மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. 2020 நவம்பரில், கொரோனாப் பயத்தில் இருந்த மஹர சிறையில் 11 பேர் உயிரிழந்தார்கள். மாமா இதில் எதையும் மறுக்கவில்லை. "கை நீட்டினவனும் இருந்தான், காசு வாங்கினவனும் இருந்தான். அவங்களப் பிடிக்கணும். ஆனா நல்லவனையும் கெட்டவனாக்கிற மாதிரி வேலைய வச்சிக்கிட்டு, கெட்டவன மட்டும் தேடினா முடியுமா?" என்றார்.

மாமா கேட்பதெல்லாம் பெரிய விஷயங்கள் இல்லை. வயதானவர்களுக்கும் நோயாளிகளுக்கும் கீழ்த்தளத்தில் தனி வார்டு, கட்டில், குந்தாமல் இருக்கக்கூடிய மலசலகூடம். மாதாந்த கிளினிக்குக்குக் கைதிகளைக் கொண்டு திரிவதை விட்டு, டொக்டரும் மருந்தும் சிறைக்கே வருவது. ஒரு டொக்டர் வந்தால் பத்து எஸ்கோட் மிச்சம் என்பது அவருடைய கணக்கு. ஆஸ்பத்திரிக்கும் நீதிமன்றத்துக்கும் போகத் தனியாக ஆட்கள் வேண்டும், வார்டில் இருந்து பிடுங்கக்கூடாது. எத்தனை காவலர் வேண்டும் என்பதைக் கட்டடத்துக்கு எழுதிய பழைய எண்ணிக்கையை வைத்துத் தீர்மானிக்காமல், இன்று உள்ளே இருக்கும் தலைகளை எண்ணித் தீர்மானிக்க வேண்டும்.

நான் ஒன்றைச் சேர்க்கிறேன். அரசியலமைப்பின் 34ஆவது உறுப்புரையின்படி ஜனாதிபதி மன்னிப்பு வழங்கலாம். சுதந்திர தினத்துக்கும் வெசாக்குக்கும் அப்படிச் சிலர் வெளியே வருகிறார்கள். அது ஒருவரின் கருணை. நல்லதுதான். ஆனால் படுக்கையில் கிடக்கும் ஒரு எண்பது வயதுக்காரர் பெப்ரவரி 4ஐ எதிர்பார்த்துக்கொண்டு கிடக்க வேண்டியதில்லை. வயதும் நோயும் ஒரு எல்லையைத் தாண்டியதும், டொக்டர் இருக்கும் ஒரு குழு அவரது விஷயத்தைக் கட்டாயம் எடுத்துப் பார்க்க வேண்டும். பாதிக்கப்பட்ட குடும்பத்தையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். பிறகு ஆம் என்றோ இல்லை என்றோ காரணத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமூக சேவையில் ஈடுபடுத்த 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம் ஏற்கனவே இருக்கிறது. அதை இன்னும் நன்றாகப் பாவித்தால் உள்ளே நெரிசல் குறையும். நெரிசல் குறைந்தால் கிழவருக்கும் காவலருக்கும் மூச்சு விட இடம் வரும்.

சரி, அரசாங்கம் செய்யட்டும். நாங்கள்?

நோன்பு காலத்தில் சிறைகளுக்கு இஃப்தார் கொண்டுபோகிறோம். ஈச்சம்பழம், கஞ்சி எல்லாம் போகிறது. அல்லாஹ் ஏற்றுக்கொள்ளட்டும். ஆனால் யூஸுப் நபியின் வரலாற்றை ஒவ்வொரு வருடமும் பயானில் கேட்கிறோமே, அதில் ஒரு இடம் என்னை விடுவதில்லை. சிறையில் கூட இருந்தவர் விடுதலையாகும்போது, உன் எஜமானிடம் என்னைப் பற்றிச் சொல் என்று யூஸுப் அலைஹிஸ்ஸலாம் கேட்கிறார்கள். வெளியே போனவர் மறந்துவிடுகிறார். அந்த மறதியால் ஒரு நிரபராதி இன்னும் சில வருடங்கள் உள்ளே இருக்கிறார். மறந்தவர் கெட்டவர் என்று அங்கே சொல்லப்படவில்லை. அவர் வெளியே இருந்தார், அவ்வளவுதான். நாங்களும் வெளியே இருக்கிறோம்.

அபராதம் கட்ட முடியாமல் எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பள்ளி நிர்வாகம் வருடத்துக்கு ஒருமுறை விசாரிக்கலாம். எந்த மதத்தவர் என்று பார்க்காமல் ஸதகாவில் இருந்து அதைக் கட்டலாம். தண்டனை முடிந்து வரும் ஒரு வயதானவருக்கு யாரும் இல்லை என்றால், தலை சாய்க்க ஒரு அறையும் மூன்று நேரச் சாப்பாடும் எங்கள் ஊரால் கொடுக்க முடியாதா? எங்கள் ஊரில் காக்கி போட்டுப் போகும் பிள்ளைகள் இருந்தால், "ஜெயில் காட்" என்று சிரிக்காமல், டியூட்டி முடிந்து வருகிறவனிடம் "சாப்பிட்டியா?" என்று கேட்கலாம். இதற்குச் சட்டமும் வேண்டாம், வர்த்தமானியும் வேண்டாம்.

அன்று கிளினிக்கில் நடந்த மீதியையும் சொல்லி முடிக்கிறேன். அவர்களை உடனே விடவில்லை. அந்தப் பெண்மணி சத்தம் போட்டதால் மிஸ் தயங்கிவிட்டார். ஒன்றரை மணித்தியாலம் மூவரும் சுவரோரமாக நின்றார்கள். மாமா என்னை கன்டீனுக்கு அனுப்பி மூன்று பிளேன்டீ வாங்கிவரச் சொன்னார். மூத்த உத்தியோகத்தரிடம் அனுமதி கேட்டுவிட்டுக் கிழவருக்கு ஒன்று கொடுத்தார், அவருக்கு ஒன்று, பொடியனுக்கு ஒன்று. பொடியன் ஒரே மிடறில் குடித்துவிட்டுச் சொன்னான், முந்தின நாள் இரவுக்குப் பிறகு வாயில் வைத்தது இதுதான் என்று.

மாமாவின் நம்பர் வந்தது. "எனக்குப் பதிலா அவங்கள விடுங்க" என்று மிஸ்ஸிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். அதற்கு யாரும் சத்தம் போடவில்லை. தன்னுடைய நம்பரைத்தானே கொடுத்தார்.

அந்த நம்பர் என் கையில்தான் இருந்தது. காலையில் நான்தான் எடுத்தேன். கொடுக்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த கிளினிக்குக்கும் லீவு சொல்லியிருக்கிறேன். இன்ஷா அல்லாஹ், முதல் பஸ்ஸில் போவோம்.